பிணைப்பு எங்கே இருந்தது? இயங்குதள முற்றுரிமை வழக்குகளில் நிரல், ஒப்பந்தம், விலை (1969–2025)

ஆய்வுச் சுருக்கம்

வின்டோஸ் இயங்குதளத்துடன் உலவியையும் ஊடக இயக்கியையும் சேர்த்து வழங்கியதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மீது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடுக்கப்பட்ட வழக்குகள், பெரும்பாலும் ‘ஒரு பொருளா, இரு பொருளா’ என்ற வினாவைச் சுற்றியே பேசப்பட்டு வந்துள்ளன. நீதிமன்றங்கள் அவ்வினாவுக்கான விடையை நிரலின் அமைப்பில் தேடின. ஆனால் வழக்குகளில் வெளிப்பட்ட சான்றுகள், பிணைப்பின் வலிமை கணினித் தயாரிப்பாளருடன் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களிலும் விலை அமைப்பிலும் இருந்ததைக் காட்டுகின்றன. தீர்வாணைகள் பலித்ததும் பலிக்காமற்போனதும் இந்த வேறுபாட்டைக் கொண்டே விளங்குகின்றன என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: முற்றுரிமை, பிணைப்பு விற்பனை, இயங்குதளம், உலவி, ஷெர்மன் சட்டம், உரிம ஒப்பந்தம்

முன்னுரை

1997 டிசம்பரில் வாஷிங்டன் நகரின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், வின்டோஸ் 95 நிறுவப்பட்ட கணினி ஒன்றிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலவியை நீக்கச் செய்து பார்த்தார். இயங்குதளமே தந்திருந்த நிரல்நீக்கும் வசதியைக் கொண்டு 90 நொடிகளுக்குள் வேலை முடிந்தது. கணினியும் தொடர்ந்து இயங்கியது. மைக்ரோசாப்ட் தரப்பு இதை ஏற்கவில்லை. உலவிக்குச் செல்லும் வழி மட்டுமே நீங்கியது, உலவியின் நிரற்பகுதிகள் கணினியிலேயே உள்ளன, அவற்றையும் அகற்றினால் வின்டோஸ் செயற்படாது என்று அது வாதிட்டது. தொழில்நுட்ப நோக்கில் இரு தரப்பாரும் பொய் கூறவில்லை. வழக்கின் சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

‘உலவியை நீக்குதல்’ என்ற தொடருக்கு நீதிபதி கொண்ட பொருள் பயனரின் கண்ணுக்குப் புலப்படுவதைச் சார்ந்தது. நிறுவனம் கொண்ட பொருள் கோப்புகளைச் சார்ந்தது. அடுத்த பல ஆண்டுகள் சட்ட அறிஞரும் கணினி அறிஞரும் இவ்விரு பொருள்களுள் எது சரி என்று விவாதித்தனர். இவ்விவாதம் தேவையற்றது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் வழக்கு ஆவணங்களை வரலாற்று மாணவர் என்ற நிலையில் படிக்கும்போது, விவாதம் குவிந்த இடமும் சான்றுகள் குவிந்த இடமும் வேறாக இருப்பது தெரிகிறது. அந்த விலகலே இங்கு ஆராயப்படுகிறது.

விலையற்றிருந்த மென்பொருள்

மென்பொருள் தனியொரு விற்பனைப் பொருள் என்ற எண்ணம் இயல்பாக உருவானதன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளை வாடகைக்கும் விலைக்கும் கொடுத்தபோது மென்பொருள், பயிற்சி, பொறியாளர் உதவி ஆகிய யாவும் ஒரே கட்டணத்துள் அடங்கின. வாடிக்கையாளர் கண்ணுக்கு மென்பொருளுக்கு விலையே கிடையாது. விலையற்ற ஒன்றுடன் போட்டியிட்டு வேறொரு நிறுவனம் மென்பொருள் விற்பது கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1969 ஜனவரி 17 அன்று அமெரிக்க நீதித்துறை ஐ.பி.எம். மீது முற்றுரிமை வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று அந்நிறுவனம் மென்பொருளையும் சேவைகளையும் தனித்தனியே விலையிட்டு விற்கப்போவதாக அறிவித்தது. வழக்கின் அச்சம்தான் இதற்குக் காரணமா, பெருகிவந்த மென்பொருட் செலவும் காரணமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் சேர்ந்தே செயற்பட்டிருக்க வேண்டும் என்று கொள்வதே பொருந்தும். இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. பயன்பாட்டு நிரல்களுக்கு ஐ.பி.எம். விலையிட்டது, ஆனால் கணினியை இயக்கத் தேவையான கட்டுப்பாட்டு நிரல்களை, அதாவது இயங்குதளத்தை, வன்பொருளின் கட்டணத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எது ‘அமைப்பைச் சேர்ந்தது’, எது ‘தனிப் பொருள்’ என்ற எல்லைக்கோட்டை நீதிமன்றம் வரையவில்லை, விற்பவரே வரைந்தார். முப்பதாண்டுகளுக்குப் பின் மைக்ரோசாப்ட் கோரியதும் இந்த உரிமையைத்தான்.

ஐ.பி.எம். வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் இழுத்து, 1982 ஜனவரியில் அரசாலேயே கைவிடப்பட்டது. அதில் ஐ.பி.எம். சார்பில் உழைத்த வழக்கறிஞருள் ஒருவரான டேவிட் பாய்ஸ் 1998இல் மைக்ரோசாப்ட்டுக்கு எதிராக அரசின் வழக்கறிஞராக நின்றார். ஐ.பி.எம்.மின் முதன்மைப் பொருளியல் சாட்சியான ஃபிராங்க்ளின் ஃபிஷரும் இம்முறை அரசுத் தரப்புக்கு வந்தார். மைக்ரோசாப்ட்டின் பொருளியல் சாட்சியான ரிச்சர்ட் ஷ்மலென்சியோ அவருடைய மாணவராக இருந்தவர். இரு வழக்குகளுக்கும் இடையிலான உறவு கருத்தளவில் மட்டும் இருந்ததன்று.

1994ஆம் ஆண்டு ஒப்புதல் ஆணையும் ஒரு தொடரும்

மைக்ரோசாப்ட் மீதான விசாரணையை 1990இல் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடங்கியது. ஆணையர்கள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றதால் முடிவெட்டப்படாமல் 1993இல் அது நீதித்துறையின் கைக்குச் சென்றது. அப்போது முதன்மைக் குற்றச்சாட்டாக இருந்தது ‘செயலிக் கணக்கு’ உரிமம். ஒரு தயாரிப்பாளர் எத்தனைக் கணினிகளை விற்றாலும், அவற்றில் எம்.எஸ். டாஸ் நிறுவப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், செயலி ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசாப்ட்டுக்குப் பணம் செலுத்த வேண்டும். வேறோர் இயங்குதளத்தை நிறுவ விரும்புபவர் இருமுறை பணம் கட்ட நேர்ந்தது. இங்கே நிரலுடன் நிரல் எதுவும் பிணைக்கப்படவில்லை. போட்டியாளரை வெளியே நிறுத்த ஒரு கட்டண விதியே போதுமானதாக இருந்தது.

1994 ஜூலையில் எட்டப்பட்ட உடன்பாடு இவ்வகை உரிமத்தைத் தடை செய்தது. மாவட்ட நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் அதனைப் போதாது என்று மறுக்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது முடிவை மாற்ற, 1995 ஆகஸ்ட் 21 அன்று ஜாக்சன் அதனை ஆணையாக்கினார். மூன்று நாள் கழித்து வின்டோஸ் 95 வெளியானது. இயங்குதளத்தைப் பெற வேறொரு பொருளையும் பெற்றாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என ஆணை கூறியது. ஆனால் ‘ஒருங்கிணைந்த பொருள்களை’ உருவாக்குவதற்கு அது தடையாகாது என்ற தொடரும் அதன் வாலில் இருந்தது. பின்னர் நடந்த போராட்டத்தின் பெரும்பகுதி இந்த வாலைப் பற்றியது.

முகப்புத்திரையின் உரிமை

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் நேவிகேட்டர் உலவி 1994 டிசம்பரில் வெளியாயிற்று. 1995 ஆகஸ்ட் 9 அன்று நிறுவனத்தின் பங்குகள் 28 டாலருக்கு வெளியிடப்பட்டு அன்று மாலை 58.25 டாலரில் நின்றன. அதற்குள் மைக்ரோசாப்ட் விழித்துக்கொண்டிருந்தது. மே 26 அன்றே பில் கேட்ஸ் இணையத்தைப் பேரலைக்கு ஒப்பிட்டுத் தன் மேலாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். நெட்ஸ்கேப் உலவியை விற்றுப் பெறும் வருவாயைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார். உலவி ஒரு தளமாக வளர்ந்து, பயன்பாட்டு நிரல்கள் அதன்மேல் எழுதப்படுமானால், கீழே எந்த இயங்குதளம் உள்ளது என்பது பொருட்டாகாது என்பதே அச்சம். ஜாவா மொழியும் இதே அச்சத்தை எழுப்பியது.

வின்டோஸ் 95 கடைகளில் விற்கப்பட்ட பெட்டியில் உலவி இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் முதற்பதிப்பு, மைக்ரோசாப்ட் பிளஸ் என்னும் தனிப் பொதியில் விலைக்கு விற்கப்பட்டது. அதன் அடித்தளமும் ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. ‘உலவி இயங்குதளத்தின் பிரிக்கவியலா உறுப்பு’ என்ற பிற்கால வாதத்தை எடைபோடுவோர் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடலாகாது.

1996இல் நடந்தவை ஒப்பந்தங்களின் வரலாறு. காம்பாக் நிறுவனம் தன் பிரசாரியோ கணினிகளின் முகப்புத்திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் படவுருவை நீக்கி விற்றது. வின்டோஸ் உரிமத்தை ரத்து செய்யவிருப்பதாக மே 31 தேதியிட்ட கடிதத்தில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. உலகின் மிகப்பெரிய கணினித் தயாரிப்பாளருள் ஒன்றான காம்பாக் படவுருவைத் திரும்ப வைத்தது. அதே ஆண்டில், கணினி முதன்முறை இயங்கும்போது தோன்றும் திரைகளின் வரிசையை மாற்றவோ, படவுருக்களை நீக்கவோ தயாரிப்பாளர்களுக்கு உரிமையில்லை என்ற விதிகள் உரிம ஒப்பந்தங்களில் நுழைந்தன. வேறு வழங்குநர் இருந்திருந்தால் உங்களிடம் வாங்கமாட்டோம் என்ற பொருள்பட ஹியூலெட் பேக்கார்ட் மேலாளர் ஒருவர் 1997இல் மைக்ரோசாப்ட்டுக்கு எழுதிய கடிதம் வழக்கில் சான்றாகியது. வாங்குபவர் இப்படி எழுதிவிட்டும் தொடர்ந்து வாங்குகிறார் என்பதைவிட முற்றுரிமைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இணையச் சேவை நிறுவனங்களோடும் இதே வகைப் பேரம் நடந்தது. அமெரிக்கா ஆன்லைன் 1996 மார்ச் 11 அன்று நெட்ஸ்கேப்புடன் உடன்பாடு அறிவித்தது. மறுநாளே மைக்ரோசாப்ட்டுடன் இன்னொன்று. வின்டோஸ் முகப்புத்திரையில் இடம் கிடைப்பதற்கு ஈடாக, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தன் வாடிக்கையாளருக்கு இயல்புநிலை உலவியாகத் தர அது இசைந்தது. 1997 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனமும் மாக் கணினிகளில் அதே உலவியை இயல்புநிலையாக்கியது. மாக் கணினிக்கான ஆஃபீஸ் தொகுப்பை நிறுத்திவிடும் அச்சுறுத்தல் இதன் பின்னணியில் இருந்ததாக நீதிமன்றம் பின்னர்க் கண்டது. ஆப்பிளின் இயங்குதளத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நிரல் எதுவும் பின்னிக் கிடக்கவில்லை. இருந்தும் அதே விளைவு அங்கும் கைகூடியது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வழக்கில் இல்லை.

ஒரு பொருளா, இரு பொருளா

1997 அக்டோபர் 20 அன்று நீதித்துறை, ஒப்புதல் ஆணை மீறப்பட்டதாகக் கூறி நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் தண்டம் கோரியது. டிசம்பர் 11 அன்று ஜாக்சன் அவமதிப்புக் குற்றத்தை ஏற்காவிட்டாலும் இடைக்கால ஆணை பிறப்பித்தார்: உலவியையும் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையின்றி வின்டோஸ் வழங்கப்பட வேண்டும். இதற்கு மைக்ரோசாப்ட் தந்த மறுமொழி குறிப்பிடத்தக்கது. வணிக மதிப்பிழந்த பழைய பதிப்பு, அல்லது உலவிக் கோப்புகள் நீக்கப்பட்டதால் இயங்காத பதிப்பு – இவற்றுள் ஒன்றைத் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. முன்னுரையில் கூறிய 90 நொடிச் சோதனை இதைத் தொடர்ந்தே நிகழ்ந்தது. படவுருவை மறைக்கத் தயாரிப்பாளருக்கு இசைவளிக்கும் சமரசம் 1998 ஜனவரியில் எட்டப்பட்டது. ஜூன் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால ஆணையை நீக்கியது. பயனரே தனித்தனியாக வாங்கி இணைப்பதால் கிட்டாத நன்மை ஒருங்கிணைப்பால் கிட்டுமாயின் அது ஒருங்கிணைந்த பொருளே என்றும், பொருள் வடிவமைப்பில் நீதிபதிகள் தலையிடலாகாது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கருதியது.

இதற்குள் மே 18 அன்று நீதித்துறையும் 20 மாநிலங்களும் ஷெர்மன் சட்டத்தின்கீழ்ப் பெருவழக்கைத் தொடுத்துவிட்டன. வின்டோஸ் 98 அடுத்த மாதம் வெளியானது. 90 நொடிகளில் உலவியை நீக்க உதவிய வசதியின் பட்டியலில் அப்பதிப்பில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பெயரே இடம்பெறவில்லை. உலாவலுக்குரிய நிரற்பகுதிகளும் இயங்குதளத்துக்குரிய நிரற்பகுதிகளும் ஒரே கோப்புகளில் கலந்து வைக்கப்பட்டன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணினியறிஞர் எட்வர்ட் ஃபெல்டன் உலவியை நீக்கும் நிரல் ஒன்றை எழுதிச் சாட்சியளித்தார். அதனால் வின்டோஸ் பழுதாகிறது என்று காட்ட மைக்ரோசாப்ட்டின் ஜேம்ஸ் ஆல்சின் கொண்டுவந்த காணொளி, குறுக்கு விசாரணையில் நம்பகத்தன்மையை இழந்தது. நாளேடுகள் இக்காட்சியைச் சுவையாக எழுதின. ஆனால் பாலில் கலந்த நீரைப் பிரிக்க முடியுமா என்ற இந்தச் சோதனை, நீரைக் கலந்தவரின் நோக்கத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

1999 நவம்பர் 5 அன்று வெளியான 412 பத்திகள் கொண்ட உண்மைநிலைக் கண்டறிவுகளில், உலவிக்குத் தனித் தேவை சந்தையில் உள்ளதால் அது தனிப் பொருளே என்று ஜாக்சன் முடிவு செய்தார். 2000 ஜூன் 7 அன்று நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க ஆணையிட்டார். இயங்குதளம் ஒரு நிறுவனம், பயன்பாட்டு மென்பொருள் மற்றொன்று. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்பாட்டு நிறுவனத்தைச் சேரும்.

2001 ஜூன் 28 தேதியிட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக வழங்கியது. செய்தியாளர்களுடன் மறைவாக உரையாடியதற்காக ஜாக்சன் வழக்கிலிருந்து நீக்கப்பட்டார். பிளவு ஆணை ரத்தானது. பிணைப்பு விற்பனை தானாகவே சட்டவிரோதம் என்ற பழைய விதி இயங்குதள மென்பொருளுக்குப் பொருந்தாது, நன்மை தீமைகளை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என அப்பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. இந்த மூன்றையும் மட்டும் பார்த்து, நிறுவனம் வென்றது என்று கூறுவோர் உண்டு. தீர்ப்பின் மறுபாதி அக்கூற்றுக்கு இடந்தரவில்லை. தயாரிப்பாளர் மீதான உரிமக் கட்டுப்பாடுகளுள் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகக் காத்தவை என்று அது உறுதி செய்தது. பதிப்புரிமை தன்னுடையதாதலால் எந்த நிபந்தனையும் விதிக்கலாம் என்ற வாதத்தை, சொந்த மட்டையால் அடித்தால் குற்றமாகாது என்பதற்கு ஒப்பிட்டுத் தள்ளியது.

நிரற்கலப்பும் நீக்கல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்ததும் தவறே என்று அதே தீர்ப்பு கண்டதை இங்கு மறைக்கவியலாது. நிரலில் பிணைப்பே இல்லை என்று இக்கட்டுரை கூறவில்லை. ஆனால் அடுத்து வந்த தீர்வில் அதற்கு என்ன நேர்ந்தது? 2001 நவம்பரில் எட்டப்பட்டு 2002 நவம்பர் 1 அன்று நீதிபதி கொலீன் கொல்லார்-கொட்டெல்லி ஏற்ற உடன்பாடு, நிரலைத் தொடவேயில்லை. படவுருக்களை மறைக்கத் தயாரிப்பாளருக்கு உரிமை, பெருந்தயாரிப்பாளர் 20 பேருக்கும் ஒரே வகை உரிம விதிகள், பழிவாங்கலுக்குத் தடை, இடைமுகங்களையும் நெறிமுறைகளையும் வெளியிடும் கடமை ஆகியவையே அதன் உள்ளடக்கம். உலவியின் நிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று பலர் இதைச் சரணாகதி என்றனர். பிணைப்பு ஒப்பந்தத்தில் இருந்தது என்று கொண்டால், தீர்வு சரியான இடத்தையே தொட்டது, காலந்தான் தவறியது. நெட்ஸ்கேப் 1998 நவம்பரிலேயே அமெரிக்கா ஆன்லைனுக்குத் தன்னை விற்க இசைந்துவிட்டது.

பின்னாளில் ஃபயர்பாக்ஸ் (2004), குரோம் (2008) ஆகியவை வளர்ந்ததற்கு இவ்வழக்கே காரணம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. தயாரிப்பாளரை அச்சுறுத்தும் வழி அடைபட்டது உண்மை. எனினும் ஃபயர்பாக்ஸ் பெரும்பாலும் பயனர் தாமே இறக்கிக்கொண்ட உலவி. அதன் வளர்ச்சிக்குத் தயாரிப்பாளரின் தயவு தேவைப்படவில்லை. வழக்குக்கும் விளைவுக்கும் இடையே நேர்க்கோடு வரைவதற்கு முன் இதைக் கருத வேண்டும்.

ஐரோப்பா: பிரித்தும் விலை பிரியாத பதிப்பு

ஐரோப்பிய ஆணையம் எதிர்வழியைத் தேர்ந்தது. 2004 மார்ச் 24 அன்று 49.7 கோடி யூரோ தண்டம் விதித்ததோடு, வின்டோஸ் மீடியா பிளேயர் இல்லாத பதிப்பொன்றை 90 நாளில் வழங்கவும் ஆணையிட்டது. அதாவது, அமெரிக்கா தொடாத நிரலையே ஐரோப்பா தொட்டது. 2005இல் வந்த வின்டோஸ் எக்ஸ்பி என் என்னும் அப்பதிப்பு முழுப்பதிப்பின் விலைக்கே விற்கப்பட்டது. ஒரே விலையில் ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் கிடைக்கும்போது எவர் குறைவானதை வாங்குவார்? பெருந்தயாரிப்பாளர்கள் அதனைத் தம் கணினிகளில் நிறுவவில்லை. சட்டப்படி முழு வெற்றியான ஆணை, சந்தையில் ஏறத்தாழ எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்லவில்லை. 1969இல் ஐ.பி.எம். தனி விலையிட்டது ஒரு தொழிலை உருவாக்கியதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே ஆணையின் மற்றொரு பகுதி, வழங்கிக் கணினிகளுக்கான நெறிமுறைகளை வெளியிடச் சொன்னது. மைக்ரோசாப்ட் இழுத்தடித்ததால் 2006இல் 28.05 கோடி, 2008இல் 89.9 கோடி யூரோ என மேலும் தண்டங்கள் விழுந்தன. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதி செய்தபின், டிசம்பரில் சாம்பா என்ற கட்டற்ற மென்பொருட் குழுவினர் ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோவுக்கு அந்த ஆவணங்களைப் பெற வழி பிறந்தது. நாளேடுகள் அதிகம் பேசாத இப்பகுதியே நடைமுறையில் பயன்பட்டது என்பது என் மதிப்பீடு.

உலவியின் வழக்கில் ஆணையம் தன் முறையை மாற்றிக்கொண்டது. ஓப்பரா நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு முறையீட்டைத் தொடர்ந்து, உலவியே இல்லாத வின்டோஸ் 7 பதிப்பை வெளியிட மைக்ரோசாப்ட் முன்வந்தது. ஆணையம் அதில் நிறைவடையவில்லை. 2009 டிசம்பரில் ஏற்கப்பட்ட உறுதிமொழிப்படி, பல உலவிகளைக் காட்டித் தேரச் சொல்லும் திரை 2010 மார்ச் முதல் பயனர்முன் தோன்றியது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை வின்டோஸ் 7இன் முதற்சேவைப் பொதியில் இத்திரை காணாமற்போனது, சுமார் 1.5 கோடிப் பயனர் அதைக் காணவில்லை. தொழில்நுட்பப் பிழை என்றது நிறுவனம். தண்டம் 56.1 கோடி யூரோ. ஓராண்டுக்கும் மேலாக ஒரு திரை இல்லாததை ஆணையமே உடனடியாகக் கவனிக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

விலையின் பாடம் அண்மையில்தான் ஆணைகளுள் நுழைந்தது. 2020இல் ஸ்லாக் நிறுவனம் அளித்த முறையீடு இயங்குதளத்தைப் பற்றியதன்று. ஆஃபீஸ் தொகுப்புடன் டீம்ஸ் செயலியைச் சேர்த்து வழங்குவதைப் பற்றியது. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஏற்ற உறுதிமொழிகளின்படி, டீம்ஸ் இல்லாத தொகுப்பை மைக்ரோசாப்ட் குறைந்த விலையில் வழங்க வேண்டும். இரு பதிப்புகளுக்கும் இடையே நிறுவனம் முதலில் முன்வைத்திருந்த விலை வேறுபாடு பாதியளவு கூட்டப்பட்டது. ஏழாண்டுகளுக்கு அது கண்காணிக்கப்படும்.